பதினோராம் எண் பஸ்ஸில் சாக்லேட் வாசனை

நார்மன் அந்தப் பாட்டை ஐம்பது வருஷமாக வீட்டுக்குள் விடவில்லை. ரேடியோவில் அதன் முதல் கிடார் அடி விழுந்ததும் எழுந்து போய்க் குமிழைத் திருகிவிடுவான். கல்யாண வீட்டில் போட்டால் வாசலுக்குப் போய் சிகரெட் பிடிப்பான். சிகரெட்டை விட்ட பிறகும் வாசலுக்குப் போவதை விடவில்லை. கடையில் ஒலித்தால் கையில் எடுத்த ரொட்டியை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவான். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று மோரீன் ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் கேட்காததையும் அவன் ஒரு சாட்சியாகச் சேர்த்து வைத்துக்கொண்டான்.

பாட்டு டின் சேப்பல் குழுவினுடையது. பர்மிங்காமில் பிறந்தவர்களுக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு பையன், ஒரு பெண், மழை, போக இடமில்லை. பதினோராம் எண் பஸ்ஸில் ஏறி மாடியில் முன்சீட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த பஸ் ஊருக்குள் வராது. ஊரைச் சுற்றி வெளிவட்டமாக ஓடிக்கொண்டே இருக்கும். ஏறின இடத்திலேயே வந்து இறங்கலாம். கையில் காசில்லாமல் காதலித்த அந்த ஊர்க்காரர்கள் பாதிப் பேர் அந்த முழுச்சுற்றைப் போய் வந்தவர்கள்தான். ஆகவே பாட்டு யாரைப் பற்றியதாகவும் இருக்கலாம்.

ஆனால் பாட்டில் வருகிற பெண்ணுக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து இருந்தது. அக்காவின் பச்சைக் கோட்டைப் போட்டிருந்தாள். கோட்டின் கை விரலைத் தாண்டித் தொங்கியது. அந்தப் பல்லும் அந்தக் கோட்டும் மோரீனுடையவை. பாடினவன் டெனி ஃபாரோ. அந்தக் குழுவுக்கு வேன் ஓட்டினவன் நார்மன். மோரீன் நார்மனுக்கென்று நிச்சயமானவள். வேனில் போய் வந்த எல்லோருக்கும் அது தெரியும்.

பல்லையும் கோட்டையும்கூட அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். வேனின் பின்னால் பெட்டிகள் மேல் உட்கார்ந்து வந்தவளை டெனி பார்த்திருப்பான், பார்த்ததைப் பாடியிருப்பான், போகட்டும். பொறுக்க முடியாதது சாக்லேட் வாசனை.

போர்ன்வில் பக்கம் பஸ் போகும்போது சாக்லேட் ஃபேக்டரியின் வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வரும். நார்மன் வீட்டுப் பக்கமான கிங்ஸ் ஹீத்தில் ஏறி ஒரு பக்கமாகப் போனால் அந்த வாசனை கொஞ்ச நேரத்திலேயே வந்துவிடும். எதிர்ப்பக்கமாகப் போகிற பஸ்ஸில் ஏறினால் ஊரையெல்லாம் சுற்றிவிட்டு, பசி காதை அடைக்கிற நேரத்தில், கடைசியில் வரும். நார்மனும் மோரீனும் ஒரே ஒரு தடவை அந்த முழுச்சுற்றுப் போனார்கள். அன்று வாசனை கடைசியில் வந்தது. பாட்டில் அது முதல் அடியிலேயே வருகிறது.

அப்படியென்றால் அவள் இன்னொரு தடவை போயிருக்கிறாள். எதிர்ப்பக்கமாக. இன்னொருத்தனோடு.

நார்மன் இதை யாரிடமும் சொல்லவில்லை. சந்தேகப்பட்டுக்கொண்டே அவளைக் கட்டிக்கொண்டான். சந்தேகப்பட்டுக்கொண்டே இரண்டு பிள்ளைகளை வளர்த்தான். டெனி குடித்துக் குடித்துச் செத்தபோது ஊரே பூ வைத்தது. நார்மன் அன்று தோட்டத்தில் வெங்காயம் நட்டான்.

அதெல்லாம் அப்படியே கிடந்திருக்கும். சிரில் வாயைத் திறந்ததால் வந்தது வினை.

சிரில் அடுத்த தெருக்காரன். இருவரும் வியாழக்கிழமைகளில் ஒரு மேசையில் உட்கார்ந்து பியர் குடிப்பார்கள்.

"உன் வீட்டம்மா இப்போ பெரிய ஆளாமே?" என்றான் சிரில்.

"என்னடா உளர்றே?"

"டவுன்ல ஒருத்தன் பாட்டு நடைன்னு ஒண்ணு நடத்தறான் இல்ல, இங்கதான் அந்த குழு வாசிச்சுது, இங்கதான் இந்த குழு அடிச்சுக்கிச்சுன்னு ஊரைக் காட்டுவான். என் மருமகன் போயிட்டு வந்தான். கடைசியில ஒரு பப்ல கொண்டு போய் நிறுத்தறாங்களாம். அங்க மோரீன் உட்கார்ந்திருக்காளாம், மகாராணி மாதிரி. டெனியோட பஸ்ல போன பொண்ணு இவங்கதான்னு காட்டறாங்களாம். எல்லாரும் கை தட்டறாங்களாம்."

"யாரோட போன பொண்ணு?"

"டெனியோட." சிரில் நண்பனின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக் கோப்பையை அவன் பக்கம் நகர்த்தினான். "குடிடா. நுரை போயிடுச்சு பாரு."

மாதக் கடைசி சனிக்கிழமை மோரீன் தன் அக்கா ஷீலாவோடு நீச்சல் குளத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போவாள். நார்மன் அதை நம்பினவன் இல்லை. அவன் எதைத்தான் நம்பினான்? குளத்துக்குப் போகிறவள் முடியைச் சுருள் போட்டுக்கொண்டு போவாளா? போன சுருள் நனையாமல் அப்படியே திரும்பி வருமா? ஆனால் ஷீலாவோடு உட்கார்ந்து கேக் தின்றுவிட்டு வருகிறாள் என்றுதான் நினைத்திருந்தான். இது வேறு.

அந்த மாதக் கடைசி சனிக்கிழமை மோரீன் கிளம்புகிறவரை காத்திருந்தான்.

"ஷீலாவைக் கேட்டதா சொல்லு," என்றான்.

"சொல்றேன். சூப் அடுப்புல இருக்கு. சூடு பண்ணிக்கோ, அப்படியே குடிச்சுட்டு வயிறு வலிக்குதுன்னு உட்காராதே."

உதட்டில் சாயம் பூசியிருந்தாள். அவள் தெருமுனை திரும்பியதும் அவனும் கோட்டைப் போட்டுக்கொண்டான். மகன் எப்போதோ வாங்கித் தந்த ஒரு தொப்பி இருந்தது. அதை நெற்றி மறைய இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தான்.

நியூ ஸ்ட்ரீட் ஸ்டேஷன் வாசலில் கூட்டம் நின்றது. எல்லோரும் கறுப்புச் சட்டை. சட்டையில் மண்டை ஓடு, சிலுவை, தீ. இத்தனை சாவைச் சட்டையில் போட்டுக்கொண்டு ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் கேவின் என்கிறவன் நின்றான். நாற்பது வயது இருக்கும். பின்னால் குதிரைவால் முடி, தோள்பட்டையில் வார் போட்டு ஒரு சின்ன ஸ்பீக்கர். அவன்தான் வழிகாட்டி. நார்மன் அவனைப் பார்த்ததும் ஒரு முடிவுக்கு வந்தான். தான் பிறப்பதற்கு முன் நடந்ததைச் சிரித்துக்கொண்டே சொல்கிறவனை நம்பக் கூடாது.

கேவின் ஒவ்வொருவரையும் எந்த ஊர் என்று கேட்டான். ஒரு புருஷனும் பெண்சாதியும் பின்லாந்து என்றார்கள். முதுகு வரை முடி வளர்த்த ஒருத்தன் பிரேசில் என்றான். மூன்று பேர் ஜெர்மனி.

"நீங்க, பெரியவரே?"

"வால்சால்," என்றான் நார்மன். பர்மிங்காம்காரர்கள் கேலி செய்கிற பக்கத்து ஊர். வாயில் வந்த பொய்.

"வால்சாலா? பரவாயில்ல, அதுக்காக உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டோம்."

உள்ளூர்க்காரர் இரண்டு பேர் சிரித்தார்கள். பின்லாந்துக்காரர்களுக்குப் புரியவில்லை. அவர்களும் சிரித்து வைத்தார்கள்.

நடை ஆரம்பித்தது. நார்மனுக்கு அது என்ன கூத்து என்று முதல் இடத்திலேயே விளங்கிவிட்டது. கேவின் ஒரு கார் நிறுத்துமிடத்தின் முன்னால் நின்று, இங்கேதான் அந்த கிளப் இருந்தது என்றான். எல்லோரும் கார் நிறுத்துமிடத்தைப் படம் எடுத்தார்கள். பிறகு ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் முன்னால் நிறுத்தி, இங்கேதான் அந்த கிடார் கடை இருந்தது என்றான். அதையும் எடுத்தார்கள். மாடியில் துணி காயப்போட வந்த பெண் ஒருத்தி கீழே பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்குப் பழக்கம் போலிருக்கிறது. இல்லாததைக் காட்டுவதற்கு டிக்கெட். நார்மன் உள்ளுக்குள் கனைத்துக்கொண்டான்.

டிக்பெத் பக்கம் இறங்கி ரயில் பாலத்தின் வளைவுக்குக் கீழே வந்தார்கள். இது இருந்தது. செங்கல், ஈரம், மூத்திர நாற்றம், எல்லாம் அப்படியே இருந்தது. டின் சேப்பல் இங்கேதான் பாடிப் பழகினார்கள். அந்த வளைவின் கதவுக்கு எதிரில்தான் நார்மன் வேனை நிறுத்திவிட்டுப் பெட்டிகளை ஒவ்வொன்றாக ஏற்றுவான். டெனி ஒரு பெட்டியையும் தொட்டது கிடையாது. தொண்டைக்கு ஆகாது என்பான். பெட்டி தூக்குவதற்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று நார்மன் அன்றைக்கும் கேட்டதில்லை.

"இவங்க வேன் கதை தெரியுமா?" என்றான் கேவின். "வேன் ஓட்டினவன் நாரிஸ்னு ஒரு குண்டன். சரியான தூங்குமூஞ்சி. ஒரு தடவை டெனியைப் பெட்ரோல் பங்க்ல மறந்து விட்டுட்டே போயிட்டான். டெனி மழையில நடந்தே ஊர் வந்து சேர்ந்தாரு."

கூட்டம் சிரித்தது. நார்மன் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். நாரிஸா? குண்டனா? அவன் மறந்துவிட்டுப் போகவில்லை. தெரிந்தேதான் விட்டுவிட்டுப் போனான். பாட்டு ரேடியோவில் வந்த வாரம் அது. டெனி கழிப்பறைக்குள் நுழைந்ததைப் பார்த்தான், வண்டியைக் கிளப்பினான். அத்தோடு வேன் ஓட்டுகிற வேலையும் முடிந்தது. இருபது நிமிஷ சந்தோஷம். அதையும் இவர்கள் தூக்கமாக்கிவிட்டார்கள்.

"இப்போ அந்தப் பாட்டு," என்று கேவின் ஸ்பீக்கரைத் தட்டினான்.

இங்கே வாசலுக்குப் போக வழியில்லை. நின்ற இடமே தெரு. முதல் கிடார் அடி பாலத்தின் செங்கல்லில் மோதித் திரும்பி வந்தது. ஐம்பது வருஷத்தில் முதல் தடவையாக நார்மன் அந்தப் பாட்டை முழுக்கக் கேட்டான். சாக்லேட் வாசனை முதலிலேயே வந்தது. பச்சைக் கோட்டின் கை தொங்கியது. ஜன்னல் கண்ணாடியில் மூச்சு படிந்தது. டெனியின் குரல் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். கெட்ட குரலாக இருந்தால் மன்னித்திருப்பான்.

பின்லாந்துக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எப்படி நேசிச்சிருக்கார் அந்தப் பொண்ணை," என்றாள் பக்கத்தில் நின்ற நார்மனிடம்.

"ம்," என்றான் நார்மன்.

"நீங்க அந்தக் காலத்து ஆளுதானே? டெனியைப் பார்த்திருக்கீங்களா?"

"தூரத்துல."

கடைசி இடம் 'ஆன்வில்' என்கிற பப். உள்ளே கூட்டத்துக்கென்று நாற்காலிகள் போட்டு வைத்திருந்தார்கள். நார்மன் எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டு, தூணுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். தொப்பிக்குள் வியர்த்தது. கழற்றிப் பக்கத்தில் வைத்தான்.

ஜன்னலோரம் உயரமான ஸ்டூலில் மோரீன் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் பச்சை நிறத்தில் ஒரு துணி சுற்றியிருந்தாள். அதை அவன் வீட்டில் பார்த்ததே இல்லை. காலை ஒன்றின் மேல் ஒன்று போட்டிருந்தாள். கையில் ஒரு சின்னக் கோப்பை. வீட்டில் முட்டி வலி, முட்டி வலி என்று மாடிப்படியில் முனகுகிறவள் அந்த ஸ்டூலில் எப்படி ஏறினாள்?

கேவின் கையை விரித்தான். "நண்பர்களே, அந்தப் பச்சைக் கோட்டு."

கை தட்டினார்கள். பிரேசில்காரன் மண்டியிட்டு அவள் கையில் முத்தம் கொடுத்தான். மோரீன் கொடுக்க விட்டாள்.

"உட்காருங்கப்பா, கூச்சமா இருக்கு," என்றாள். கூச்சத்தின் சாயலே அந்த முகத்தில் இல்லை. "கோட்டைக் கேக்காதீங்க. அது அக்காவோடது. திருப்பிக் கொடுத்துட்டேன். இல்லாட்டி அவ என்னைக் கொன்னிருப்பா."

சிரித்தார்கள். சிரித்ததும் அந்த முன்பல் சந்து தெரிந்தது. ஒரு ஜெர்மன்காரன் அதைப் படம் எடுத்தான். நார்மனுக்கு எழுந்து போய் அந்த போனைப் பிடுங்கி பியரில் போட வேண்டும் போலிருந்தது.

"அன்னிக்குச் சரியான மழை," என்று மோரீன் ஆரம்பித்தாள். "டெனி கையில ஒரு பொட்டலம் சிப்ஸ். பேப்பர்ல சுத்தினது, வினிகர் சொட்டிட்டு இருக்கு. கண்டக்டர் மாடிக்கு வந்தான். 'இந்த நாத்தத்தோட எல்லாம் பஸ்ல ஏறக் கூடாது'ன்னான். டெனி என்ன பண்ணினாரு தெரியுமா? 'எங்களுக்கு ரெண்டு டிக்கெட். சிப்ஸுக்கு ஒண்ணு, அது சின்னப்பிள்ளை, அரை டிக்கெட் கொடு'ன்னாரு."

கூட்டம் மேசையைத் தட்டிச் சிரித்தது.

நார்மன் தூணைப் பிடித்துக்கொண்டான்.

அதை அவன் சொன்னான். சிப்ஸுக்கு அரை டிக்கெட் கேட்டவன் நார்மன். கண்டக்டர் முதலில் முறைத்தான், பிறகு கிழித்துக் கொடுத்தான்.

"அந்த அரை டிக்கெட்டைச் சிப்ஸ் பொட்டலத்துலயே செருகி வெச்சாரு," என்றாள் மோரீன். "யாராவது செக் பண்ண வந்தா காட்டணுமாம். அப்புறம் பாதி வழியில, பெர்ரி பார் வந்ததும் தூங்கிட்டாரு. காதலிக்கக் கூட்டிட்டு வந்துட்டு வாயைப் பொளந்துட்டு தூக்கம். நான் கண்ணாடியில மூச்சை விட்டு, அவர் நிழல் விழற இடத்துல மீசை வரைஞ்சேன். ஷூவைக் கழட்டி வெச்சிருந்தாரு. காலுறையில கட்டைவிரல் வெளிய எட்டிப் பார்த்துது. இதைக் கட்டிக்கிட்டா ஊசியும் நூலுமாத்தான் உட்காரணும்னு அப்பவே நினைச்சேன்."

"டெனியோட கட்டைவிரலா?" என்று பின்லாந்துக்காரி நெஞ்சில் கை வைத்துக் கேட்டாள்.

"டெனியோடதுதான்," என்றாள் மோரீன்.

நார்மன் ஷூவுக்குள் கட்டைவிரலை மடக்கிக்கொண்டான். தூங்கினவன் அவன். காலுறை அவனுடையது. பஸ்ஸில் இருந்த ஒவ்வொன்றும், வினிகர் வரைக்கும், அவனுடையது. டெனியினுடையதாக ஒரு தும்மல்கூட அந்தக் கதையில் இல்லை. ஐம்பது வருஷமாக எந்த பஸ்ஸை நினைத்து வெந்துகொண்டிருந்தானோ அந்த பஸ்ஸே ஓடியிருக்காது போலிருந்தது. அவன் நெஞ்சு லேசானது. அது அப்படியே நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நிற்கவில்லை. அடுத்த நிமிஷமே இன்னொரு இடத்தில் பற்றிக்கொண்டது. டெனிக்கு வாழ்நாளில் ஒரு ஜோக் சொல்லத் தெரியாது. மற்றவன் சொன்னதற்குக் கடைசியில் சிரிப்பான். அந்தச் செத்த மனுஷனுக்கு அரை டிக்கெட்டை இவள் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அதற்கு ஜெர்மனியிலிருந்து வந்தவன் கை தட்டுகிறான்.

ஆனாலும் நம்பலாமா? இவள் இரண்டு தடவையும் போயிருந்து, டெனியோடு போனதில் கொஞ்சம், தன்னோடு போனதில் கொஞ்சம் என்று கலந்து ஊற்றுகிறாளோ? கதை நன்றாக இருக்க வேண்டும் என்று சிப்ஸை மட்டும் இங்கிருந்து எடுத்துக்கொண்டாளோ? ஒரே ஒரு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும்.

"யாராவது ஏதாவது கேக்கணுமா?" என்றான் கேவின்.

"நான்," என்றான் நார்மன் தூணுக்குப் பின்னாலிருந்து.

மோரீனின் கை கோப்பையோடு பாதியில் நின்றது. ஐம்பது வருஷம் கூப்பிட்ட குரல் எந்தத் தூணுக்குப் பின்னால் இருந்தாலும் தெரியும்.

"கேளுங்க, பெரியவரே. இவர் வால்சால்லேருந்து வந்திருக்காரு."

"வால்சாலா," என்றாள் மோரீன்.

"அந்த சாக்லேட் வாசனை," என்றான் நார்மன். எழுந்து நின்றான். "அது எப்போ வந்துது? முதல்லயா? கடைசியிலயா?"

சிலர் சிரித்தார்கள். பாட்டு தெரிந்த யாரும் கேட்கிற கேள்வி இல்லை அது. மோரீன் சிரிக்கவில்லை. அவள் அவனைப் பார்த்தாள். தொப்பியில்லாத வழுக்கையை, தவறாகப் பொத்தான் போட்ட கோட்டை, எல்லாவற்றையும் பார்த்தாள். அவன் முகத்தில் என்ன இருந்ததோ, அவள் கோப்பையை ஜன்னல் மேடையில் வைத்தாள்.

"கடைசியில," என்றாள்.

"இல்லைங்க," என்றான் பின்லாந்துக்காரன் மரியாதையாக. "பாட்டுல முதல் வரியிலயே வருது."

"பாட்டுல வரும். பஸ்ல கடைசியிலதான் வந்துது. பசி உயிர் போச்சு. சிப்ஸை மொத்தமும் இந்த மனுஷன்... அந்த மனுஷன் தின்னு தீர்த்துட்டாரு. அப்போதான் வாசனை வந்துது. இறங்கற நேரத்துல."

"ஆனா பாட்டுல," என்றான் ஒரு ஜெர்மன்காரன்.

"தம்பி, நான் அந்த பஸ்ல இருந்தேன். நீ உங்கம்மா வயித்துல கூட இல்ல."

கேவின் சிரித்துச் சமாளித்தான். "எத்தனை வருஷம் ஆச்சு, கொஞ்சம் முன்னே பின்னே ஆகத்தான் செய்யும். டெனி அந்த வாரமே எழுதினாரு. நாம டெனி பேச்சையே எடுத்துக்குவோம், என்ன?"

அவன் ஸ்பீக்கரைத் தட்டினான். கிடார் அடி விழுந்தது. சாக்லேட் வாசனை முதல் வரியில் வந்தது. கூட்டம் எழுந்து நின்று, பஸ்ஸில் போன பெண்ணைச் சுற்றி நின்றுகொண்டு, அவள் சொன்னது தப்பு என்று ஒரே குரலில் பாடியது. மோரீன் பச்சைத் துணியைக் கழற்றிக் கைப்பைக்குள் திணித்தாள். ஸ்டூலிலிருந்து பக்கவாட்டில் இறங்கினாள். முட்டி வலிக்கிறவள் இறங்குகிற மாதிரிதான் இறங்கினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நார்மனிடம் வந்தாள்.

"சூப் குடிச்சியா?"

"இல்ல."

"வா."

பப்புக்கு வெளியே பஸ் நிறுத்தம். இரண்டு பேரும் உள்ளங்கை அகலப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். உள்ளே இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"நீ அவனோட போனியா, இல்லையா?" என்றான் நார்மன். ஐம்பது வருஷம் கழித்து அது இவ்வளவு சின்னக் கேள்வியாக வெளியே வந்தது.

"எங்க?"

"பதினொண்ணுல."

மோரீன் அவன் பக்கம் திரும்பினாள். "மறுபடியும் அத்தனை நேரம் அந்த சீட்டுல உட்கார எனக்கென்ன பைத்தியமா? உன்னோட போனதுக்கே ரெண்டு நாள் இடுப்பு வலி."

"அப்போ அவனுக்கு எப்படித் தெரியும்?"

"நீதான் சொன்னே."

"நானா?"

"வேன்ல. ஸ்டோக்ல வாசிச்சுட்டு வர்றப்போ. சிப்ஸ் கதையை வாயிலருந்து இறக்கவே இல்ல. டிரம் அடிக்கறவன் போதும்டா, வேற பேசுன்னான். நான் பின்னால பெட்டி மேல உட்கார்ந்துட்டு எங்கயாவது குதிச்சுடலாமான்னு பார்த்தேன். டெனி மட்டும் கேட்டுக்கிட்டே வந்தான். அப்போ கோட்டுக் கை எவ்வளவு நீளம்னான், ஜன்னல்ல என்ன தெரிஞ்சுதுன்னான். நீயும் சொல்லிட்டே வந்தே. உன் பேச்சை யாரும் அவ்வளவு நேரம் கேட்டதில்ல, பாவம்."

நார்மனுக்கு ஞாபகம் இருந்தது. வேனும் மழையும் ஞாபகம் இருந்தன. டெனி முன்சீட்டில் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டு வந்ததும் ஞாபகம் இருந்தது. அன்று அவன் டெனியை நல்லவன் என்று நினைத்தான்.

"பின்ன எதுக்கு வாசனையை முன்னாடி வெச்சான்?"

"ரேடியோவுக்குப் போற பாட்டு. நல்லதைக் கடைசியில வெச்சா அதுக்குள்ள திருகிடுவாங்க. நீ திருகின மாதிரி. இதைக்கூடவா யோசிக்கல? நீயும்தானே அவங்க பின்னாலயே சுத்தினே."

"நான் பெட்டி தூக்கினேன். பாட்டு எழுதல."

"இதுக்குத்தானா?" என்றாள் மோரீன். குரல் மாறியிருந்தது. "இத்தனை வருஷமா ரேடியோவை அணைச்சே, இதுக்குத்தானா? என் தங்கச்சி கல்யாணத்துல பாதியில எழுந்து போனியே. நான் என்னவோ அந்த நாளே உனக்குப் பிடிக்கலைன்னு நினைச்சேன். என்னோட பஸ்ல போனது உனக்கு வெறுத்துப்போச்சுன்னு. நான் ஷீலா வீட்டுக்குப் போய் கேட்டுட்டு வருவேன், தெரியுமா? என் பாட்டை நான் அக்கா வீட்டு அடுப்படியில கேட்டேன்."

நார்மன் கோட்டுப் பொத்தானைத் தடவினான். ஒன்று மாறிப் போட்டிருப்பது அப்போதுதான் கைக்குத் தெரிந்தது. மோரீன் அவன் கையைத் தட்டிவிட்டு, பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டாள்.

"அரை டிக்கெட்டை ஏன் அவனுக்குக் கொடுத்தே?" என்றான் நார்மன்.

"அவங்க அவனுக்காகத்தான் வர்றாங்க. அவனைப் பத்திச் சொல்றதுக்கு என்கிட்ட என்ன இருக்கு? வேன்ல கொறட்டை விடுவான், மத்தவங்க பொட்டலத்துல கை வெப்பான். அதைச் சொன்னா கை தட்டுவாங்களா?"

"அடுத்த மாசம் உண்மையைச் சொல்லு. நார்மன்னு சொல்லு."

"பின்லாந்துலேருந்து டெனிக்காக வர்றாங்க. நார்மனுக்காக யாரு வருவா?"

"நான் வந்தேனே," என்றான். "வால்சால்லேருந்து."

மோரீன் முதலில் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். பிறகு அந்தப் பல் சந்து தெரிந்துவிட்டது. "போடா கிழவா," என்றாள். கை அவன் கோட்டுப் பாக்கெட்டுக்குள் போனது.

பப் கதவு திறந்து பாட்டுச் சத்தம் தெருவில் கொட்டியது. கேவின் ஓடிவந்தான். கையில் தொப்பி.

"பெரியவரே, நாற்காலியில விட்டுட்டு வந்துட்டீங்க." மூச்சு வாங்கினான். பிறகு பாக்கெட்டுக்குள் இருந்த மோரீனின் கையைக் கவனித்தான். "ஓ. ரெண்டு பேருக்கும் ஏற்கனவே பழக்கமா? டெனி காலத்து ஆளா நீங்க?"

நார்மன் தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டான். கேட்பதற்கு ஒரே ஒருத்தன்தான், அவனும் சரியான ஆளில்லை. ஆனாலும் சொன்னான்.

"நான்தான்யா சிப்ஸுக்கு அரை டிக்கெட் எடுத்தவன்."

கேவின் வாய் நிறையச் சிரித்தான். அவன் தோளில் அன்பாகத் தட்டினான். "நல்லது பெரியவரே. இந்த வருஷத்துல இப்படிச் சொன்னதுல நீங்க நாலாவது ஆளு." கையை ஆட்டிவிட்டு உள்ளே ஓடினான். கதவு சாத்திக்கொண்டது.

பஸ் வந்து நின்றது. மோரீன் எழுந்தாள். நார்மன் எழவில்லை.

"வா, டிரைவர் பார்க்கறான்," என்றாள்.

நார்மன் மூடின கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். தொப்பியை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"மத்த மூணு பேர் யாரு?" என்றான்.